பதுளை வெலேகடே சந்தை: கட்டடம் மீண்டது, சந்தை மீளுமா?

பதுளை நகரின் மத்தியில் எட்டுப் பக்கங்களைக் கொண்ட ஒரு பழைய கட்டடம் நிற்கிறது. வெலேகடே பழைய சந்தை என்று அழைக்கப்படும் அது, 1889ஆம் ஆண்டு பிரித்தானியர் ஆட்சியில் உள்ளூர் வியாபாரிகளுக்காகத் திறக்கப்பட்டது. காலப்போக்கில் பழுதடைந்த அந்தக் கட்டடம் தொல்பொருள் பாதுகாப்புக்குரியதாகப் பிரகடனப்படுத்தப்பட்டு, பின்னர் புனரமைக்கப்பட்டு, இன்று நகரத்தில் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலில் சேர்ந்திருக்கிறது.

இது நல்ல செய்தி. இடித்துவிட்டு நான்கு மாடிக் கட்டடம் எழுப்பும் ஆசைக்கு எமது நகரங்களில் எத்தனையோ பழைய கட்டடங்கள் பலியாகியுள்ளன. வெலேகடே தப்பித்துக்கொண்டது. ஆனால் தப்பியது கட்டடமா, சந்தையா என்ற கேள்வியை பதுளையிலும் ஊவாவின் ஏனைய நகரங்களிலும் கடை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் கேட்டுப் பார்க்க வேண்டும். சந்தை என்பது சுவரும் கூரையும் அல்ல. மலையிலிருந்து இறங்கி வருபவருக்கும் நகரத்தில் கடை திறந்து வைத்திருப்பவருக்கும் இடையிலான உறவுதான் சந்தை. அந்த உறவு எப்படி உருவானது, எங்கே அறுந்தது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் புத்துயிர் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

தவளம் வந்த பாதை

ஊவாவில் முஸ்லிம்களின் வியாபாரம் பிரித்தானியர் கட்டிய கட்டடத்தோடு தொடங்கியதல்ல. கண்டி இராச்சிய காலத்தில் மடிகே எனப்பட்ட போக்குவரத்துப் பிரிவில் முஸ்லிம்கள் சேவை செய்தனர். பொதி மாடுகளில் சரக்கேற்றிச் செல்லும் தவளம் அவர்களுடைய தொழிலாக இருந்தது. கரையோரத்து உப்பும் கருவாடும் துணியும் மலைக்கு ஏறின. மலையின் பாக்கும் மற்றைய விளைபொருட்களும் கீழே இறங்கின. உப்பு விளையாத மலைநாட்டுக்கு அந்த மாட்டு வரிசைகள் உயிர்நாடியாக இருந்தன. தவளக்காரர் ஊர் ஊராகத் தங்கி, சிங்களக் கிராமத்தவரோடு பழகி, அவர்களுடைய மொழியைப் பேசி வியாபாரம் செய்தனர்.

1817-1818ஆம் ஆண்டுகளின் ஊவா வெல்லஸ்ஸக் கிளர்ச்சியின் தொடக்கத்திலும் இந்தத் தவளத்தின் கதை உண்டு. வெல்லஸ்ஸயின் முஸ்லிம்களை உள்ளூர்த் திசாவையின் அதிகாரத்திலிருந்து பிரித்து, ஹாஜி மரிக்கார் என்பவரை அவர்களுக்கு முகாந்திரமாக பிரித்தானியர் நியமித்தனர். தமது படைகளுக்கான பொருட்களை ஏற்றி இறக்க அவர்களுக்குத் தவளம் தேவைப்பட்டது. உள்ளூர்த் தலைமைகள் அந்த நியமனத்தை அவமதிப்பாகக் கண்டன. ஹாஜி மரிக்கார் கிளர்ச்சியாளர்களிடம் சிக்கி உயிரிழந்தார். விசாரிக்கச் சென்ற பதுளையின் பிரித்தானிய அதிகாரி வில்சனும் கொல்லப்பட்டார்.

இருநூறு ஆண்டுகளுக்கு முந்திய இச்சம்பவத்தில் எமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அயலவரின் நம்பிக்கையில் நடந்துவந்த வியாபாரத்துக்கு அதிகாரத்தின் முத்திரை விழுந்தபோது, வியாபாரி இரண்டு பக்கமும் அந்நியனானான். சிறுபான்மை வியாபாரச் சமூகம் ஒன்றுக்கு ஆட்சியாளரின் தயவை விட வாடிக்கையாளரின் நம்பிக்கையே நிலையான பாதுகாப்பு. 

தோட்டங்கள் வளர்த்த கடைத்தெரு

1886இல் ஊவா தனி மாகாணமாக்கப்பட்டு பதுளை அதன் தலைநகரானது. மூன்றே ஆண்டுகளில் வெலேகடே சந்தை திறக்கப்பட்டது. கோப்பிப் பயிரை இலை நோய் அழித்து, மலைகளில் தேயிலை பரவிக்கொண்டிருந்த காலம் அது. புகையிரதப் பாதை அப்போது நானுஓயா வரைதான் வந்திருந்தது. ஹப்புத்தளைக்கு 1893இலும் பண்டாரவளைக்கு 1894இலும் வந்த புகையிரதம் பதுளையை எட்ட 1924 ஆனது. அதாவது, சந்தை திறந்து முப்பத்தைந்து ஆண்டுகள் பதுளையின் சரக்கெல்லாம் மாட்டு வண்டிப் பாதையிலேயே வந்து சேர்ந்தது. தவளத்தின் அனுபவம் வண்டிக்கு மாறியது; வண்டி கடையாக மாறியது.

அந்தக் கடைகளுக்கு வாடிக்கையாளரைத் தந்தவை தோட்டங்கள். தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்கள் லயன் அறைகளில் குடியமர்த்தப்பட்டனர். அரிசியைத் தோட்டமே கொடுத்துச் சம்பளத்தில் கழித்துக்கொண்டது. ஆனால் சேலைக்கும் வேட்டிக்கும், கருவாட்டுக்கும் மசாலைக்கும், கல்யாணத்துக்கான நகைக்கும் பாத்திரத்துக்கும் அவர்கள் நகரத்துக்கு இறங்க வேண்டியிருந்தது. பஸார் வீதியும் லோவர் வீதியும் அவர்களுடைய சம்பள நாளைப் பார்த்தே உயிர்த்தன. தமிழ் பேசும் முஸ்லிம் வியாபாரிக்கும் தமிழ் பேசும் தோட்டத் தொழிலாளிக்கும் இடையில் மொழி ஒரு பாலமாக இருந்தது. கரையோர இந்திய ஊர்களிலிருந்து வந்த முஸ்லிம் வியாபாரிகளும், இந்து வியாபாரிகளும், சிங்கள வியாபாரிகளும் அருகருகே கடை வைத்தனர்.

இந்த உறவின் மையத்தில் இருந்தது கணக்குக் கொப்பி. மாத நடுவில் கடனுக்குப் பொருள், சம்பள நாளில் ஒரு பகுதி அடைப்பு, தீபாவளி முற்பணம் வந்தால் மீதி. தோட்டத் தொழிலாளிக்கு வங்கி கடன் கொடுக்காத காலத்தில், வீட்டில் மரணம் நேர்ந்தால் நள்ளிரவில் கதவைத் தட்டித் துணியும் சாமானும் எடுக்கக் கூடியதாக இருந்தது கடைக்காரரின் வீடுதான்.

அதே வேளை, பழையதை நினைத்துப் பெருமைப்படும்போது நேர்மையும் வேண்டும். எல்லாக் கொப்பியும் ஒரே மாதிரி எழுதப்படவில்லை. எழுத்து தெரியாதவரின் கணக்கில் விலை கூடுவதும், கடன் தீராமல் அடுத்த தலைமுறைக்குப் போவதும் மலையகக் கடைத்தெருக்களில் நடந்தவைதான். கடனில் நின்ற வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போக முடியாதவராகவும் இருந்தார். எனவே பழைய உறவை அப்படியே திரும்பக் கேட்பது நியாயமாகாது. அதில் இருந்த நம்பிக்கையை எடுத்து, அதில் இருந்த கட்டை அவிழ்த்துத்தான் புதிய உறவை அமைக்க வேண்டும்.

உறவு அறுந்த இடங்கள்

முதல் அடி அரசியலிலிருந்து வந்தது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3 லட்சம் பேருக்கு மாத்திரம் இலங்கைப் பிரஜாவுரிமை வழங்கவும் உடன்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் தோட்டம் தோட்டமாகக் குடும்பங்கள் கப்பலேறின. பதுளைச் சந்தை தன் வாடிக்கையாளரை விலையாலோ போட்டியாலோ இழக்கவில்லை. இரண்டு அரசாங்கங்கள் போட்ட கையெழுத்தால் இழந்தது.

இரண்டாவது அடி நெருப்பு. 1983 ஜூலையில் வன்முறை பதுளை நகரையும் எட்டியது. தமிழர்களின் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டன. பல தலைமுறை உழைப்பு ஒரே நாளில் சாம்பலானது. அந்த இழப்பை நாம் வேறொருவரின் வரலாறாக ஒதுக்கிவைத்துவிட முடியாது. முப்பது ஆண்டுகள் கழித்து ஹலால் எதிர்ப்புப் பிரசாரமும், 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பின்னர் முஸ்லிம் கடைகளைப் புறக்கணிக்கும் அழைப்புகளும் வந்தபோது, ஒரு சமூகத்தின் கடையைக் குறிவைப்பது என்றால் என்னவென்று நாமும் அறிந்துகொண்டோம்.

மூன்றாவது மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. பாதை வந்தது, சிறப்பு அங்காடிகள் வந்தன, தோட்டத்து வாசலுக்கே பொருள் ஏற்றிய வான்கள் வந்தன, கைத்தொலைபேசியில் கொள்வனவு வந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் கொழும்புக் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் மத்திய கிழக்கிலும் வேலைக்குப் போய், விடுமுறையில் வரும்போதே பொருட்களை வாங்கி வருகிறார்கள். வாப்பா நடத்திய பிடவைக் கடையில் உட்கார எமது பிள்ளைகளுக்கும் விருப்பமில்லை. வாடிக்கையாளரின் பிள்ளையும் கடைக்காரரின் பிள்ளையும் ஒரே பஸ்ஸில் கொழும்புக்குப் போகிறார்கள்.

புனரமைப்பு யாருக்காக?

இந்தப் பின்னணியில்தான் பழைய சந்தையின் புத்துயிரைப் பார்க்க வேண்டும். பழைய கட்டடங்களை மீட்டெடுப்பதில் இலங்கைக்கு ஓர் அனுபவம் உண்டு. கொழும்புக் கோட்டையின் பழைய டச்சு வைத்தியசாலை 2011இல் உணவகங்களும் கடைகளும் கொண்ட இடமாகத் திறக்கப்பட்டது. கட்டடம் அழகாகக் காப்பாற்றப்பட்டது. ஆனால் அங்கே ஒரு வேளை சாப்பிடுவது சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாது. 2014இல் புறக்கோட்டையில் திறக்கப்பட்ட மிதக்கும் சந்தைக்கு இன்னொரு கதை. திறப்பு விழாவின் ஆரவாரம் அடங்கிய சில ஆண்டுகளிலேயே அது களையிழந்தது. ஒன்று பணக்காரருக்கான இடமானது. மற்றையது எவருக்குமான இடமாகவும் நிலைக்கவில்லை.

வேறு விதமாகவும் செய்யலாம் என்பதற்கு சிரியாவின் அலெப்போ நகரில் ஓர் உதாரணம் இருக்கிறது. 2012இல் யுத்தத் தீயில் அந்நகரின் பழைய சந்தைத் தொகுதி பெரிதும் அழிந்தது. அதன் ஒரு பகுதியான அல்-சகதிய்யா சூக், ஆகா கான் கலாசார அறக்கட்டளையின் பங்களிப்புடன் மீளக் கட்டப்பட்டு 2019இல் திறக்கப்பட்டது. அங்கு பழைய கடைக்காரர்களைத் திரும்பக் கொண்டுவருவதும் வேலையின் ஒரு பகுதியாக இருந்தது. கல்லை அடுக்குவதோடு வேலை முடிந்துவிட்டதாக அவர்கள் கருதவில்லை.

பதுளையில் இந்தக் கேள்வி மிகவும் நடைமுறையானது. கொழும்பிலிருந்து ஏறத்தாழ 290 கிலோமீற்றர் ஓடிவரும் மலையகப் புகையிரதத்தின் கடைசி நிலையம் பதுளை. ஆனால் வெளிநாட்டுப் பயணிகளில் பெரும்பாலானோர் அதற்கு முன்பே எல்லயில் இறங்கிவிடுகிறார்கள். ஆகவே வெலேகடேயை எல்லயின் பயணிகளை இழுக்கும் இடமாக மாற்றிவிடலாம் என்ற ஆசை எழுவது இயல்பு. பயணிகள் வரட்டும், அதில் தவறில்லை. ஆனால் அவர்களை மாத்திரம் நம்பிய சந்தை எவ்வளவு பலவீனமானது என்பதை 2019 குண்டுவெடிப்பும், கொரோனாவும், 2022 பொருளாதார நெருக்கடியும், 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளியும் அடுத்தடுத்துக் காட்டிவிட்டன. டித்வாவில் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. மண்சரிவுகள் பாதைகளையும் தண்டவாளத்தையும் துண்டித்தன. அப்படியான நாட்களில் நகரத்தைத் தாங்குவது அயல் கிராமமும் அயல் தோட்டமும்தான்.

400 ரூபா எங்கே போகும்?

2012 குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்டத்தின் சனத்தொகை ஏறத்தாழ 8 லட்சத்து 15 ஆயிரம். அதில் நூற்றுக்கு ஐந்து பேரளவில் முஸ்லிம்கள். இந்திய வம்சாவளித் தமிழர் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. மிகப் பெரும்பான்மையோர் சிங்களவர். இந்த எண்களை நினைவில் வைத்துக்கொண்டு ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளத்தை 1,350 ரூபாவிலிருந்து 1,550 ரூபாவாக உயர்த்தவும், அதற்கு மேல் அரசாங்கம் 200 ரூபா வரவுக் கொடுப்பனவு வழங்கவும் முன்மொழிந்தது. மொத்தம் 1,750 ரூபா. ஒரு நாளைக்கு 400 ரூபா அதிகரிப்பு. 25 நாள் வேலை கிடைத்தால் மாதம் 10,000 ரூபா. கழிவுகளும் வேலையில்லா நாட்களும் போனாலும், ஆயிரக்கணக்கான குடும்பங்களில் ஒரு மாற்றம் ஏற்படும். 2019 கணிப்பீட்டின்படி நாடளாவிய வறுமை 14.3 வீதமாக இருந்தபோது தோட்டத்துறையில் அது 33.8 வீதமாக இருந்தது. எனவே இந்தப் பணம் சேமிப்புக்கு அல்ல, பெரும்பாலும் பிள்ளையின் சப்பாத்துக்கும் பாடசாலைப் பைக்கும் வீட்டுச் சாமானுக்கும்தான் செலவாகும்.

அந்தப் பணம் எங்கே போய்ச் சேரும் என்பதே கேள்வி. கொழும்பில் தலைமையகம் உள்ள அங்காடிக்குப் போனால் அன்று மாலையே அது ஊவாவை விட்டு வெளியேறிவிடும். பதுளைச் சந்தையில் செலவானால் அது பஸ் நடத்துநர், நாட்டாமி, தேநீர்க் கடை, மரக்கறி வியாபாரி என்று பல கைகளைத் தொட்டுச் சுற்றும். நகரத்தின் நூறு ஆண்டுப் பொருளாதாரம் இப்படித்தான் சுழன்றது.

மரக்கறியிலும் இதே கதைதான். வெலிமடையிலும் ஊவா பரணகமையிலும் விளைவது கெப்பெட்டிபொலவுக்கும் தம்புள்ளைக்கும் போகிறது. விளைந்த மாவட்டத்துத் தோட்டத் தொழிலாளியோ கை மாறிக் கை மாறி வந்த விலைக்கு அதை வாங்குகிறாள். லயன் பின்புறத்துத் துண்டு நிலத்தில் அவளே விளைவிக்கும் கீரைக்கும் போஞ்சிக்கும் நகரத்தில் உட்கார்ந்து விற்க ஓர் இடமில்லை. தோட்டத்து மக்கள் இத்தனை காலமும் இந்தச் சந்தைக்கு வாங்குபவராக மாத்திரமே வந்தார்கள். விற்பவராகவும் வந்தால்தான் சந்தை உண்மையில் புதிதாகும்.

செய்யக்கூடியவை

2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலுக்குப் பின்னர் பதுளை மாநகர சபைக்கு மீண்டும் மக்கள் பிரதிநிதிகள் வந்திருக்கிறார்கள். ஊவா மாகாண சபைக்கோ 2014க்குப் பின் தேர்தலே நடக்கவில்லை. எனவே நகரத்தின் சந்தையைப் பற்றிப் பேசுவதற்கு இன்று மக்களின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஒரே தெரிவுசெய்யப்பட்ட சபை மாநகர சபைதான். அதனிடம் கேட்கக் கூடியவை பல.

பழைய சந்தையிலும் அதைச் சூழவுள்ள பொது இடத்திலும் வாரத்தில் குறித்த நாட்களை தோட்ட, கிராம உற்பத்தியாளருக்கு ஒதுக்கலாம், குறிப்பாகப் பெண்களுக்கு. சபையின் கடைகளுக்கான வாடகையும் தெரிவு முறையும் எல்லோருக்கும் தெரியும்படி மூன்று மொழிகளிலும் ஒட்டப்பட வேண்டும். சம்பள நாட்களிலும் அதற்கடுத்த ஞாயிறுகளிலும் பசறை, லுணுகலை, ஹாலிஎல, நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு மாலையில் கடைசி பஸ் சற்றுத் தாமதமாகப் புறப்பட்டால் அதுவே பெரிய உதவி. பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறையும், பிள்ளையோடு உட்கார ஓர் இடமும் வேண்டும். இவற்றுக்குப் பெருந்தொகைப் பணம் தேவையில்லை.

கட்டடத்தின் வரலாறும் முழுமையாகச் சொல்லப்பட வேண்டும். ஆளுநர்களின் பெயரோடு அது நின்றுவிடக் கூடாது. உப்புப் பொதியோடு மலையேறிய தவளக்காரரும், சேலை வாங்க மலையிறங்கிய கொழுந்து பறிக்கும் பெண்ணும், நெல்லும் மரக்கறியும் கொண்டுவந்த சிங்களக் கிராமத்தவரும், 1983இல் எல்லாம் இழந்த கடைக்காரரும் அந்தச் சுவரில் இடம்பெற வேண்டும். இதற்கான தகவல்களைத் திரட்டுவதில் எமது பாடசாலைகளும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் முன்வரலாம். பழைய கணக்குக் கொப்பிகள், கடைப் புகைப்படங்கள், விலைச் சீட்டுகள் இன்னும் பல வீடுகளின் அலுமாரிகளில் இருக்கின்றன. அவை கறையானுக்குப் போகுமுன் படியெடுத்து வைக்க வேண்டும். முதியவர்களின் நினைவுகளையும் இப்போதே பதிவுசெய்ய வேண்டும்.

மாநகர சபையிடம் கேட்பதோடு எமது பொறுப்பு முடிந்துவிடாது. எமது வியாபாரிகள் தமக்குள்ளும் சிலவற்றைச் சரிசெய்ய வேண்டும். எல்லாப் பொருளிலும் விலை எழுதப்பட்டிருக்க வேண்டும். தோட்டத்து வாடிக்கையாளருக்கு ஒரு விலை, நகரத்தவருக்கு ஒரு விலை என்ற பழைய வழக்கம் எங்கேனும் எஞ்சியிருந்தால் அது ஒழிய வேண்டும். கடன் கொடுத்தால் அவருடைய கையிலும் ஒரு பிரதி இருக்க வேண்டும். “வாங்க அக்கா” என்று கூப்பிட்டுவிட்டு, உள்ளே வந்தவரின் உடையைப் பார்த்து நாற்காலி போடும் பழக்கத்தையும் நாம் விட வேண்டும். தோட்டத்தின் இன்றைய இளம் தலைமுறை படித்தது, தன்மானம் உள்ளது, தன்னை மதிக்காத கடைக்கு இரண்டாம் தடவை வராது. சிங்கள வாடிக்கையாளருக்கும் இது பொருந்தும். புறக்கணிப்புப் பிரசாரம் ஒன்று மீண்டும் வருமானால் அதற்குச் சரியான பதிலைச் சொல்லப்போவது எமது அறிக்கைகள் அல்ல. எமது கடையில் பத்து வருடம் நியாய விலைக்கு வாங்கிய அயலவர்தான்.

வெலேகடேயின் எட்டுப் பக்கச் சுவர் இன்னும் நூறு ஆண்டுகள் நிற்கக் கூடும். அதற்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. அதைச் சூழ்ந்த கடைத்தெருவுக்கு அப்படி எந்தப் பாதுகாப்பும் இல்லை. அடுத்த சம்பள நாளில் நமுனுகுலை பஸ்ஸிலிருந்து இறங்குபவர்கள் எந்தப் பக்கம் நடக்கிறார்கள் என்று பார்த்தால், பதுளையின் சந்தை மீண்டுவிட்டதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.